ஹெரால்டுக்கு எட்டு டேப்பட்

ஆகஸ்ட் 5, 2019. திங்கள்

ஒரு ஜீப் இன்ஜினின் ஹெட்டை ஃபேசிங் செய்து சமமாக்கிக் கொடுத்தேன். தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை.

மதியம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது வசுந்தரா அம்மிணி பட்டறைக்கு வந்தார். ரேஸ் ஓட்டிக்கொண்டிருந்த பிரேம்நாத்தின் அக்கா. டிராக்கில் நடந்த விபத்துக்குப் பிறகு மூன்றரை வருடமாக அந்த வீட்டிலிருந்து யாரும் ஆவாரம்பாளையம் பக்கம் வந்ததில்லை. நானும் போனதில்லை. முதலில் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போனேன், அவ்வளவுதான்.

"பிரேமுக்கு அந்த ஹெரால்டு காரு மறுக்கா ஓடோணுமாங்க மூர்த்தி" என்றார்.

இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத மனிதர் எப்படி ஓட்டுவார் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர் எல்லாம் கையால் போடுகிற மாதிரி திருப்பூரில் ஒருவர் மாற்றித் தருகிறாராம். பாடியை நேராக்கி ஆகிவிட்டது. ஜனவரியில் பழைய கார் ரேஸ் நடக்கும்போது, ரேஸுக்கு முன்னால் டிராக்கில் ஒரே ஒரு சுற்று. விபத்து நடந்த வளைவில் நிறுத்தி, அன்று அங்கே கொடி காட்ட நின்று இறந்துபோன பெஞ்சமினுக்கு அஞ்சலி செய்துவிட்டு வருவது. இன்ஜின் மட்டும்தான் பாக்கி.

"வேற மெக்கானிக் பாக்கலாம்னு சொன்னேனுங்க. மூர்த்தியண்ணன்தான் கட்டோணும்னு ஒரே பிடிவாதம்."

சரி என்று சொன்னேன். மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டுமே.

ஆகஸ்ட் 7, புதன்

டெம்போவில் ஹெரால்டின் இன்ஜின் பிளாக் வந்து இறங்கியது. டீசல் ஊற்றிக் கழுவினேன். கிராங்க் உட்காரும் இடம் கறுத்திருக்கிறது, ஆனால் வெடிப்பில்லை. சிலிண்டர்களை உள்ளே கடைந்து போர் போட்டால் சரியாகிவிடும். டேப்பட் ஓட்டைகள் எட்டில் ஆறு சுத்தமாக இருக்கின்றன.

2016 வேலையைப் பற்றி இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை. ரேஸ் கமிட்டிக்கு அப்போதே எழுதிக் கொடுத்தாயிற்று. கியர் தவறி இன்ஜின் எல்லை மீறிச் சுற்றியது, பேரிங் பிடித்துக்கொண்டது.

ஆகஸ்ட் 8, வியாழன்

ஜீப்காரர் வண்டியை எடுத்துப் போனார். வேறு வேலை ஓடவில்லை.

ஆகஸ்ட் 14, புதன்

பிரேம் வந்தார். வேனிலிருந்து சக்கர நாற்காலியை இறக்கி டிரைவர் தள்ளிக்கொண்டு வந்தார். நாற்பத்து மூன்று வயது, தாடி நரைத்துவிட்டது. தோளும் கையும் மட்டும் முன்பைவிடப் பருத்திருக்கின்றன.

"எப்புடி இருக்கீங்ணா?"

"இருக்கறந்தம்பி. நீங்க?"

"பாக்கறீங்கல்ல" என்று சிரித்தார்.

சாதாரண கேம் ஷாஃப்ட் போட்டுக் கட்டித் தருகிறேன், ஒரு சுற்றுக்கு அது போதும் என்றேன். அவர் கேட்கவில்லை. அதே ரேஸ் கேம், அதே ஸ்பிரிங், அதே சாலிட் டேப்பட் என்றார்.

"அன்னைக்கு நடந்தது ஒண்ணுமே எனக்கு ஞாபகம் இல்லீங்ணா. காலைல இட்லி தின்னது தெரியுது. அப்புறம் ஆஸ்பத்திரிதான். அந்தச் சத்தத்தைக் கேட்டா ஏதாச்சும் ஞாபகம் வருமான்னு பாக்கறேன். நான் எப்புடி நாலாவது கியருக்குப் பதிலா ரெண்டாவதுல போட்டேன்? பதினாலு வருசம் ஓட்டுனவன்."

நான் பிளாக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

படுக்கையில் கிடந்த காலத்தில் நிறையப் படித்திருக்கிறார். டேப்பட் பற்றி நான் பேசும் அளவுக்குப் பேசுகிறார். வசுந்தரா அம்மிணி ஒரு பழைய டேப்பட்டை எடுத்து, "இத்துனூண்டு டம்ளராட்ட இருக்குது, இதுக்கா இவ்வளவு பேச்சு?" என்றார். பிரேமே விளக்கினார். கேம் ஷாஃப்ட் சுழலும்போது அதன் மேடு இந்த டம்ளரின் அடியில் தட்டும். டம்ளர் மேலே போகும், வால்வு திறக்கும். அடிப்பக்கம் பார்க்கத் தட்டையாக இருந்தாலும் நடுவில் முடியளவு வயிறு இருக்கும். அந்த வயிறு இருப்பதால்தான் ஒவ்வொரு தட்டுக்கும் டம்ளர் கொஞ்சம் சுற்றிக்கொள்ளும். சுற்றாமல் நின்றுவிட்டால் ஒரே இடத்தில் தேய்த்து, கேமின் மேட்டையே தின்றுவிடும்.

"அதனாலதானுங்க்கா புது கேமுக்குப் புது டேப்பட்டுதான் போடோணும். ஒரு கேம்ல ஓடித் தேஞ்சதை இன்னொரு கேம்ல போடவே கூடாது. இல்லீங்களாண்ணா?"

"ஆமாந்தம்பி."

நாற்காலியைத் தள்ளிப் பிளாக்கின் அருகே வந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ஏனுங்ணா, அஞ்சும் ஆறும் மட்டும் இப்புடிக் கீறியிருக்குது?"

துரு என்றேன். மூன்று வருடம் ஷெட்டில் கிடந்ததல்லவா.

ஆகஸ்ட் 21, புதன்

பிரேம் வீட்டுப் பெட்டியிலிருந்து ஒரு பழைய டேப்பட் செட் வந்தது. கார் கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்தது. அடியைக் கிரைண்ட் செய்து வயிறு வைத்துக்கொள்ளலாம் என்று கிரைண்டிங்காரர் சொன்னார். ஆனால் கடினமாக இருப்பது மேல்தோல் மட்டும்தான். அதைச் சீவினால் உள்ளே மிருதுவான இரும்பு வந்துவிடும். வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன்.

இரவுச் சாப்பாட்டின்போது மனைவி கோகிலா, "மொகம் ஏன் இப்புடி இருக்குது?" என்றாள். வெயில் என்றேன். இன்று மழை பெய்தது.

செப்டம்பர் 2, திங்கள்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை. பட்டறை மூடல். ஆனாலும் போய் உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

சென்னையிலிருந்து புது டேப்பட் செட் வந்தது. பளபளவென்று இருக்கிறது. ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கடினம் பார்த்தேன். குறைந்தது ஐம்பத்தெட்டு இருக்க வேண்டும். நாற்பத்தெட்டுதான் வந்தது. இரண்டை அடியோடு அடி சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தேன். நல்ல டேப்பட்டாக இருந்தால் நடுவில் தொட்டுக்கொண்டு ஓரத்தில் வெளிச்சம் தெரியும். இதில் ஓரம் தொட்டுக்கொண்டு நடுவில் வெளிச்சம். வயிறு இருக்க வேண்டிய இடத்தில் குழி.

2016-லும் எட்டில் இரண்டு இப்படித்தான் இருந்தன.

பிரேமுக்குப் போன் செய்து இந்த செட் ஆகாது என்றேன். "எத்தனை நாளானாலும் பரவால்லீங்ணா, நல்லதாப் பாருங்க" என்றார். குரலில் சந்தோஷம். என்னை நம்புகிறார்.

செப்டம்பர் 11, புதன்

வசுந்தரா அம்மிணி தனியாக வந்தார். டேப்பட் கிடைத்ததா என்று கேட்கத்தான் வந்ததாகச் சொன்னார். ஸ்டூலில் உட்கார்ந்து பழைய டேப்பட் ஒன்றைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

"ஜூன் மாசம் தூக்க மாத்திரை மொத்தத்தையும் முழுங்கிட்டானுங்க. வெளிய யாருக்கும் சொல்லல. நான் பாத்ததுனால பொழைச்சான்."

கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

"தூக்கத்துல கை ஆடுதுங்க மூர்த்தி. கியர் மாத்தற மாதிரியே. வருசா வருசம் அந்த நாள்ல போத்தனூருக்குப் போவான். பெஞ்சமின் பொண்டாட்டி அமலி வூட்டு கேட்டுக்கு முன்னால வண்டியை நிறுத்தி அப்புடியே உக்காந்திருப்பான். அந்தப் பொண்ணு கேட்டைத் தொறக்காது. மூணு வருசம் போயாச்சு. எங்க தப்புதானே, அதுகிட்டப் போயி என்ன பேச முடியும்? கொடி புடிக்க ஆசைப்பட்டு வந்து நின்ன மனுசன். இருவத்தொம்பது வயசு."

"தண்ணி குடிக்கறீங்களா அம்மிணி?"

"வேண்டாம். இந்த இன்ஜின் வேலை ஆரம்பிச்சதுல இருந்துதான் அவன் ஒழுங்காச் சாப்புடறான். அதைச் சொல்லத்தான் வந்தேன். நீங்க நல்லா இருக்கோணும்."

கும்பிட்டுவிட்டுப் போனார்.

செப்டம்பர் 12, வியாழன்

இன்று பட்டறை திறக்கவில்லை.

செப்டம்பர் 19, வியாழன்

ஒவ்வொரு வருடத்து டைரியும் மேல் அலமாரியில் இருக்கிறது. 2016-ஐ எடுத்தேன். ஜனவரி 20, புதன்கிழமைப் பக்கத்தில் என் கையெழுத்தில் இருக்கிறது: "ஹெரால்டு. டேப்பட் 2 சரியில்லை. வேறு வர ஒரு வாரம் ஆகும். ஞாயிறு ரேஸ். பழையதில் இரண்டு போட்டேன், 5, 6. ரேஸ் முடிந்ததும் மாற்ற வேண்டும்."

அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். பக்கத்து வரியில் கேஸ் சிலிண்டர் புக் செய்தது.

அந்த வாரம் ரேஸ் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிரேம் கேட்டிருப்பார். கோபப்பட்டிருக்க மாட்டார். மூர்த்தி கட்டும் இன்ஜின் நாள் தவறாது என்று டிராக்கில் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

விபத்துக்கு நாலாவது நாள் இன்ஜினை நான் தனியாகத்தான் பிரித்தேன். ஐந்தாவது, ஆறாவது மேடுகள் மொட்டையாகியிருந்தன. அந்தத் தூள்தான் ஆயிலோடு போய்ப் பேரிங்கைப் பிடித்திருக்கிறது. இன்ஜின் இறுகியதும் பின்சக்கரங்கள் நின்றுவிட்டன. அந்த வேகத்தில், அந்த வளைவில் யார் ஓட்டியிருந்தாலும் வண்டி நேராகக் கொடி மேடைக்குத்தான் போயிருக்கும். கேம் ஷாஃப்ட்டையும் டேப்பட்டுகளையும் பக்கத்துத் தெரு ஃபவுண்டரியில் பழைய இரும்போடு போட்டேன். உலையில் போகிற வரைக்கும் நின்று பார்த்தேன்.

பிறகு கமிட்டிக்கு எழுதினேன். பிரேமுக்கு அப்போது சுயநினைவு திரும்பியிருந்தது. என்ன நடந்தது என்று கேட்டார். கியர் தவறிவிட்டது தம்பி என்றேன்.

அக்டோபர் 3, வியாழன்

பிரேமின் கல்லூரி நண்பர் இங்கிலாந்திலிருந்து பன்னிரண்டு டேப்பட் அனுப்பியிருக்கிறார். எப்போதோ செய்து மெழுகுத்தாள் பிரிக்காமல் இருந்தவை. பிரேம் அவற்றை மடியில் வைத்துக்கொண்டே பட்டறைக்கு வந்தார்.

கடினம் பன்னிரண்டிலும் ஐம்பத்தெட்டுக்கு மேல். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஜோடி ஜோடியாகச் சேர்த்து வெளிச்சம் பார்த்தோம். பிறகு ஒவ்வொன்றையும் ஆயில் தொட்டு ஓட்டையில் விட்டேன். தன் கனத்தால் தானே மெதுவாக இறங்க வேண்டும். சிக்கவும் கூடாது, தொபுக்கென்று விழவும் கூடாது. ஐந்து, ஆறு ஓட்டைகளுக்கு முன்பே புஷ் என்கிற உள்வளையம் அடித்து அளவாக்கியிருந்தேன். அவற்றில்தான் இன்னும் அழகாக இறங்கின.

எட்டைத் தேர்ந்தெடுத்தது பிரேம்தான். ஒன்றை மட்டும் மூன்று முறை எடுத்து எடுத்து வைத்தார். அதில் ஒரு குறையும் இல்லை.

"ஏனுங்தம்பி?"

"ஒண்ணுமில்லீங்ணா. இன்னொரு தடவ ஒரு ஆளு சாகக் கூடாது."

அந்தக் கணத்தில் சொல்லியிருக்கலாம். டிரைவர் டீ வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

அக்டோபர் 7, திங்கள்

ஆயுத பூஜை. லேத்துக்கும் டிரில்லுக்கும் சந்தனம் வைத்தாயிற்று. கோகிலா பொரி கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தாள். எட்டு டேப்பட்டுக்கு இரண்டு மாதமா என்று சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். அவள் சொன்னது சரி. சென்னை செட் வந்த அன்றே வேறு எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். விசாரிக்கவில்லை. டேப்பட் வராத வரைக்கும் இன்ஜின் ஓடாது. இன்ஜின் ஓடாத வரைக்கும் பேசவேண்டியதில்லை.

அக்டோபர் 16, புதன்

இன்ஜின் கூட்டி முடித்தேன். கேம் மேடுகளுக்கும் டேப்பட் அடிக்கும் பசை தடவினேன். ஜிங்க் அதிகமுள்ள ஆயில். வால்வு ஸ்பிரிங்கில் உள்சுருளைக் கழற்றிவைத்திருக்கிறேன், முதல் ஓட்டத்தில் அழுத்தம் குறைவாக இருக்கட்டும் என்று. பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றவிட்டேன். டேப்பட்டுகளின் மேல் நிற்கும் புஷ் ராடுகளில் வெள்ளைப் பெயிண்டால் கோடு போட்டிருந்தேன். எட்டுக் கோடுகளும் நகர்ந்தன. எட்டு டேப்பட்டும் சுற்றுகின்றன.

ஃபீலர் கேஜ் வைத்து வால்வு இடைவெளி சரிசெய்தேன். மறுபடி பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன்.

அக்டோபர் 23, புதன்

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலை பத்தரைக்கு பிரேமும் வசுந்தரா அம்மிணியும் வந்தார்கள். இன்ஜினை ஸ்டாண்டில் ஏற்றி, ரேடியேட்டர் வைத்து, பெட்ரோல் கேன் தொங்கவிட்டிருந்தேன். புது கேமுக்கும் டேப்பட்டுக்கும் முதல் இருபது நிமிடம்தான் ஆயுளைத் தீர்மானிப்பது. நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றுக்குக் கீழே இறங்கவே விடக்கூடாது. இறங்கினால் ஆயில் சரியாகத் தெறிக்காது. ஆக்சிலேட்டர் கம்பியை பிரேம் கையில் கொடுத்தேன்.

முதல் சாவியிலேயே பிடித்தது. அந்தச் சத்தத்தில் யாரும் பேச முடியாது. பிரேம் கண்ணை மூடிக் கம்பியைப் பிடித்திருந்தார். நான் ஆயில் பிரஷரையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிடம். இருபத்தைந்து என்றும் விட்டேன். கடைசியில் கை காட்டி நிறுத்தச் சொன்னேன்.

அமைதியானதும் அவர் கண்ணைத் துடைத்தார்.

"ஒண்ணும் ஞாபகம் வரலீங்ணா. ஆனா எவ்வளவு நல்ல இன்ஜின் பாருங்க. அன்னைக்கும் இப்புடித்தானே கட்டிக் கொடுத்திருப்பீங்க. நான்தான் கெடுத்தேன்."

"இல்ல தம்பி."

"என்ன இல்ல?"

"நீங்க கியரைத் தப்பாப் போடல. நான்தான் பழைய டேப்பட் ரெண்டு போட்டேன். புது கேம்ல. அது கேமைத் தின்னு, தூளாகி, பேரிங் புடிச்சிருச்சு. நான் பிரிச்சுப் பாத்தேன். பாத்துட்டுப் பொய் எழுதிக் கொடுத்தேன்."

வசுந்தரா அம்மிணி சுவரைப் பிடித்துக்கொண்டார். பிரேம் என்னையே பார்த்தார்.

"எந்த ரெண்டு?"

"அஞ்சு, ஆறு."

"துருன்னீங்க."

"ஆமா."

"அப்ப நான் கியர் மாத்துனது சரிதானா?"

"சரிதான் தம்பி."

"மறுக்கா சொல்லுங்க."

"நீங்க சரியாத்தான் மாத்துனீங்க."

அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. இரண்டு கையையும் நாற்காலியின் கைப்பிடியில் அடித்துக்கொண்டே இருந்தார். நான் பிடிக்கப் போனேன். "தொடாதீங்க" என்றார். வசுந்தரா அம்மிணி, "மூணு வருசம் மூர்த்தி. செத்துப் போயிருப்பான் மூர்த்தி" என்று மட்டும் சொன்னார். குரல் உயரவே இல்லை. டிரைவர் வந்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்.

இன்ஜின் ஆறுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஆயிலை வடித்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

அக்டோபர் 24, வியாழன்

யாரும் வரவில்லை.

அக்டோபர் 25, வெள்ளி

கோகிலாவிடம் சொன்னேன். தீபாவளிக்கு முறுக்கு பிழிந்துகொண்டிருந்தவள் அடுப்பை அணைத்தாள். முழுக்கக் கேட்டாள்.

"அந்தப் பெஞ்சமின் சாவுக்குப் போனமே. பெட்டியைத் தூக்க ஆளு பத்தலைன்னு நீங்க தோள் கொடுத்தீங்களே."

"ஆமா."

"அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

அப்போது இன்ஜினைப் பிரிக்கவில்லை, தெரியாது என்றேன். அவள் வேறெதுவும் கேட்கவில்லை. நான் சொன்னது முழு உண்மையில்லை. அதை இங்கேகூட எழுதக் கை வரவில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

தீபாவளி. கோகிலா பேசவில்லை.

அக்டோபர் 29, செவ்வாய்

டெம்போ வந்து இன்ஜினை ஏற்றிப் போனது. வந்தவர்கள் எனக்குத் தெரியாதவர்கள். கழற்றிவைத்த உள்சுருள் ஸ்பிரிங்குகளைத் துணியில் சுற்றி, எப்படிப் பூட்ட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்பினேன். பிரேம் எதுவும் சொல்லி அனுப்பவில்லை.

நவம்பர் 4, திங்கள்

வசுந்தரா அம்மிணி போன் செய்தார். மூர்த்தி என்று கூப்பிடவில்லை.

"பிரேம் ஒண்ணு சொல்லச் சொன்னான். நீங்க போத்தனூர் போயி அந்தப் பொண்ணுகிட்ட நேர்ல சொல்லோணுமாம். வேற ஒண்ணும் வேண்டாமாம்."

நவம்பர் 9, சனி

போத்தனூர் போனேன். பெஞ்சமின் நடத்திவந்த மோட்டார் காயில் கட்டும் கடையை இப்போது அமலிதான் நடத்துகிறாள். ஒரு மிக்சி மோட்டாரைப் பிரித்து வைத்துக்கொண்டு செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தாள். முப்பது, முப்பத்தொன்று வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"நீங்க மெக்கானிக்தானே? அன்னைக்கு அடக்கத்துக்கு வந்தீங்க. உக்காருங்கண்ணே."

நின்றுகொண்டே சொன்னேன். டேப்பட் என்றால் என்ன என்று விளக்க ஆரம்பித்ததும், "புரியுது, சொல்லுங்க" என்றாள். பழையது இரண்டு போட்டதைச் சொன்னேன். பொய் எழுதியதைச் சொன்னேன். பிரேம்நாத் மீது தப்பே இல்லை என்றேன்.

அவள் சுற்றிக்கொண்டிருந்த கம்பி அவிழாமல் ஒரு கிளிப் போட்டாள்.

"ஒண்ணு கேக்கறேன். ரேஸுக்கு முந்தின நாள் வண்டியை ஓட்டிப் பாத்திருப்பீங்கல்ல? அப்ப ஒண்ணுமே தெரியலயா?"

பிரேம் இதைக் கேட்கவில்லை. கோகிலா கேட்டதற்கு நான் வழுக்கிக்கொண்டேன். இவள் நேராகக் கேட்டாள்.

"தெரிஞ்சது" என்றேன். "சனிக்கிழமை சாயந்தரம் ஆயில் கம்பியை உருவிப் பாத்தேன். எவர்சில்வர் பாத்திரம் தேச்ச தண்ணியாட்ட மினுமினுன்னு இருந்தது. இரும்புத் தூள். ஒரு நிமிசம் நின்னேன். துடைச்சுட்டு, புது ஆயில் மாத்தி, வண்டி ரெடின்னு சொன்னேன். பத்து லேப்தானே, தாங்கிரும்னு நெனச்சேன்."

"தெரிஞ்சே விட்டீங்க."

"ஆமாம்மா."

"இங்க வர்றது எல்லாம் மிக்சி, கிரைண்டர். வெறும் வீட்டுச் சாமான். லேசா ஒரு வாசனை வந்தாக்கூட நான் திருப்பிக் குடுக்க மாட்டேன். ஷாக் அடிச்சு யாராச்சும் செத்துட்டா என்ன பண்றதுன்னு." முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். "அந்த மனுசன் வந்து கேட்டுக்கு முன்னால உக்காந்திருப்பாரு. வெயில்ல. நான் ஜன்னல் வழியாப் பாத்துட்டே இருப்பேன். நல்லா வேணும் உனக்குன்னு வாய்விட்டுச் சொல்லுவேன். கால் போனது பத்தாதுன்னு ஜெபம் பண்ணிருக்கேன். மூணு வருசம். ஆண்டவர்கிட்டப் போயி அதை இப்ப எப்படி நான் திருப்பிக் கேப்பேன்?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"என்கிட்ட மன்னிப்புக் கேட்டுறாதீங்க. போலீஸ்ல எழுதிக் குடுங்க. எனக்குச் சொன்ன மாதிரியே, அந்த ஆயிலையும் சேத்து."

திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

அப்போது வழக்குப் பதிந்த ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். நாலு பக்கம். 2016 டைரியையும் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு, "விபத்துன்னு முடிச்ச கேஸுங்க இது. இப்ப எதுக்கு?" என்றார். பிறகு கடைசிப் பக்கத்தை மறுபடி படித்தார். கூப்பிடுவோம், ஊரை விட்டுப் போக வேண்டாம் என்றார்.

ஒரு நகலைக் கமிட்டிக்கு அனுப்பினேன். இன்னொன்றை கோகிலா கையில் கொடுத்தேன். ஆயில் பற்றிய பகுதியை அவள் அதில்தான் முதலில் தெரிந்துகொண்டாள்.

நவம்பர் 25, திங்கள்

வசுந்தரா அம்மிணி அரை நிமிடம் பேசினார். அமலி நேற்று சர்ச் முடிந்து நேராக அவர்கள் வீட்டுக்கு வந்தாளாம். பிரேமின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதாளாம். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று அவர் சொல்லவில்லை.

டிசம்பர் 18, புதன்

செய்தி பரவிவிட்டது. கட்டக் கொடுத்திருந்த இரண்டு இன்ஜின்களை ஒரே நாளில் திரும்ப எடுத்துப் போனார்கள். ஒருவர், "தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? நானாக இருந்தாலும் எடுத்துப் போயிருப்பேன்.

ஜனவரி 19, 2020. ஞாயிறு

டிராக்குக்கு நான் போகவில்லை. வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. காலையிலிருந்து வீட்டு மோட்டாரின் புட் வால்வைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு கோளாறும் இல்லை.

நாலு மணிக்கு வசுந்தரா அம்மிணி போன் செய்தார்.

"அவன் சொல்லச் சொல்லல. நானாத்தான் கூப்புட்டேன். ஒரு சுத்து போனான். அந்த வளைவுல நிறுத்தி அஞ்சு நிமிசம் இருந்தான். திரும்பி வந்துட்டான்."

"சரிங்க அம்மிணி."

"அமலி வரலை. அந்த எடத்தை அதால பாக்க முடியாதாம்."

இன்ஜின் எப்படி ஓடியது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இனி ஹெரால்டை வேறு ஒரு மெக்கானிக் பார்த்துக்கொள்வார் என்றார். வைத்துவிட்டார்.

ஸ்டேஷனிலிருந்து நேற்றே ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். வழக்கை மறுபடி எடுக்கிறார்களாம். நாளைக் காலை பத்து மணிக்கு வாக்குமூலம். வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்றார். வேண்டாம் என்றேன்.

கோகிலா என் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தானும் வருவதாகச் சொன்னாள். இந்த மூன்று மாதத்தில் அவளாக என்னிடம் சொன்ன முதல் வார்த்தை.

"நீ எதுக்கு அங்க வந்து உக்காந்துக்கிட்டு?"

"நீங்க எல்லாத்தையும் சொல்றீங்களான்னு நான் பாக்கோணும்" என்றாள்.